நம்ம பக்கத்துப் பதிப்பு

எனக்கு எழுபத்தொன்பது வயது நடக்கிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் என் நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள். அவர்களையும் என் கணக்கில்தான் சேர்ப்பேன். ஏழு பேரும் இன்றைக்கு அவரவர் காலில் நிற்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நான் எழுத்துக் கூட்டக் கற்றது நாற்பதுக்கு மேல், கடைசி மகன் ஒன்றாம் வகுப்பு போனபோது. அதனால் மெதுவாகத்தான் எழுத வரும். எனக்கு இனிமேல் என்ன அவசரம்.

எழுத உட்கார்ந்தது மண்டிக் கணக்குப்பிள்ளையைப் பற்றி. அவருக்குப் பேர் இருந்தது. ஆனால் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இப்போது பேரைப் போட்டால் வேறு யாரோ போலத் தெரியும். செஞ்சியில் மல்லாட்டை மண்டி ஒன்றில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து மல்லாட்டை உடைப்போம். நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மேலே தகரம், பின்னால் கோட்டை மலை. வெயிலில் மலை காய்ந்தால் மண்டிக்குள் நாங்களும் காய்வோம். கணக்குப்பிள்ளை தராசுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் கொக்கு மாதிரி உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு ஒரு பக்கம் காது கிடையாது, நூல்தான்.

அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. "சாப்டியா." வணக்கம் என்பதற்கும் அதுதான், என்ன சேதி என்பதற்கும் அதுதான், தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்பதற்கும் அதுதான். லாரிக்காரன் வந்து இறங்கினால் முதலில் சாப்டியா, அப்புறம்தான் இன்னா லோடு. ஒருநாள் மூட்டை தூக்கப் பார்த்த திருடன் ஒருவனைப் பிடித்துத் தூணில் கட்டிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு அடி வைத்துக்கொண்டிருந்தபோது இவர் ஓடி வந்தார். கூட்டம் வழி விட்டது. பெரிய அடி விழப்போகிறது என்று நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "சாப்டியாடா" என்றார். அதுவரை அடிக்கு அழாதவன் அதற்கு அழுதான். மண்டி முதலாளியின் தகப்பனார் செத்தபோது பிணத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்று முதலாளியைக் கேட்டார், "சாப்டீங்களா." சொந்தக்காரர்கள் முறைத்தார்கள். ஆனால் அன்றைக்கு முதலாளி ஒரு வாய் காபி குடித்தது அதற்கு அப்புறம்தான்.

இப்படிப்பட்டவர் எங்களுக்குக் கதை படித்தார்.

அதற்குக் காரணம் முதலாளி. பெண்கள் பேசினால் கை நிற்கிறது, கதை கேட்டால் வாய் நிற்கிறது, கை ஓடுகிறது என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாரம் ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். அன்று மத்தியானம் கணக்குப்பிள்ளை ஸ்டூலை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு தொடர்கதை படிப்பார். எங்களில் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. அச்சில் வந்துவிட்டால் அது எங்கோ நடந்ததுதான் என்பது எங்கள் நம்பிக்கை. நடக்காததைப் போய் யார் காசு போட்டு அச்சடிப்பார்கள்?

அவர் படித்த கதைகளில் எல்லோரும் சாப்பிட்டார்கள். "அவள் கட்டிலில் விழுந்து விம்மி விம்மி அழுதாள்" என்று படிப்பார். எச்சில் விழுங்கிக்கொண்டு, "பிறகு எழுந்து முகம் கழுவி இரண்டு தோசை சாப்பிட்டாள்" என்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கும் தளவானூர்க்காரிக்கு எதிலும் முழு விவரம் வேண்டும்.

"இன்னா சட்னி கணக்குப்புள்ள?"

"அது போடல."

"போடாம எப்டி? தோசைன்னு போட்டவன் சட்னி போடமாட்டானா?"

"மல்லாட்டச் சட்னியாத்தான் இருக்கும். நீ ஒட."

கொலைகாரன் ரயிலில் தப்பித்துப் போகும்போதுகூட ஜன்னல் வழியாக மசால் வடை வாங்கினான். நீதிபதி தூக்குத் தண்டனை எழுதிவிட்டு டிபன் சாப்பிட்டார். இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற மனிதர்கள் ஏன் ஒருத்தரை ஒருத்தர் இப்படி வதைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் என் மூத்த மகள் அவலூர்பேட்டையிலிருந்து திரும்பி வந்தாள். கைக்குழந்தை இடுப்பில், கன்னத்தில் வீக்கம். கட்டிக்கொடுத்த இடம் தப்பாகிவிட்டது. போ என்று சொல்லவும் எனக்கு மனமில்லை, இரு என்று சொல்லவும் தைரியமில்லை. வீட்டில் வைத்திருந்தால் மூலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று மண்டிக்கு அழைத்துப் போனேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எங்களோடு உட்கார்ந்து உடைத்தாள்.

கணக்குப்பிள்ளை தினமும் கேட்பார், "சாப்டியா பொண்ணே."

"ஆச்சு" என்பாள்.

அவர் தராசில் நிறை பார்க்கிற மாதிரி அவளை ஒரு பார்வை பார்ப்பார். என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

தெருக் கிணற்றுக்குத் தண்ணீருக்குப் போனால் அவள் குடத்தை வைத்துவிட்டு அப்படியே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மழை பொய்த்த வருஷம். கிணற்றில் பாறையும் ஒரு முழம் கலங்கலும்தான். அதை எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? நான் எப்போதும் பின்னாலேயே ஒரு பிள்ளையை அனுப்புவேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர்கதையிலும் ஒரு பெண் புருஷன் அடித்துத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஊர் பேசியது, அண்ணி பேசினாள். மண்டியில் எல்லோருக்கும் அது என் மகள் கதைதான் என்று தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தளவானூர்க்காரி மட்டும், "அந்த அண்ணிக்காரி எங்கைல மாட்டணும்" என்று கொட்டையை நசுக்குவாள். என் மகள் தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் கணக்குப்பிள்ளை படித்துக்கொண்டே வந்தார். "விடியலுக்கு முன் அவள் எழுந்தாள். குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். கிணற்றடிக்குப் போனாள்." அங்கே நின்றுவிட்டார். கண் மட்டும் கீழே கீழே போயிற்று, வாய் வரவில்லை. பத்திரிகையை மடியில் விரித்து வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டியில் துடைத்தார், நூலைக் காதில் மாட்டினார். என் மகளின் கையில் உடையாத கொட்டை ஒன்று அப்படியே இருந்தது.

"எட்டிப் பார்த்தாள்" என்றார். "தண்ணீர் இல்லை."

மடியில் கிடந்த பத்திரிகையைக் கையில் எடுத்தார்.

"ஒரு தவளை இருந்தது. அது இவளைப் பார்த்தது. இவள் அதைப் பார்த்தாள். திரும்பி வீட்டுக்கு வந்தாள். பழையது இருந்தது. சாப்பிட்டாள்."

"தொட்டுக்க?" என்றாள் தளவானூர்க்காரி.

"பச்ச மொளகா" என்றார் கணக்குப்பிள்ளை. என் மகள் சிரித்துவிட்டாள். தாய்வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகும் அந்தக் கதை வாரக்கணக்கில் ஓடியது. அந்தப் பெண் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ் வைத்தாள். கதையில் அதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக அங்கே சாப்பிட வந்தார்கள். அண்ணி வந்தாள், வெட்கப்பட்டாள், சாப்பிட்டாள். கடைசியில் புருஷனும் வந்தான். அவனுக்கும் இலை போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கை உதறிக்கொண்டு, "வூட்டுக்கு வா" என்றான். அவள் சொன்னாள், "மொதல்ல எலைய எடு. இங்க சாப்டவங்க எலைய சாப்டவங்கதான் எடுக்கணும்." மண்டியே கை தட்டியது.

அவர் பிடித்திருந்த பக்கத்தில் பெரிதாக ஒரு குக்கர் படம் இருந்தது. நான் பார்த்தேன். மெஸ்ஸுக்குக் குக்கர் வாங்கியிருக்கிறாள், வியாபாரம் நன்றாக ஓடுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அந்தக் கதையைப் படமாக எடுத்து, அது ஊரெல்லாம் சுற்றிச் செஞ்சிக் கொட்டகைக்கும் வந்தது. மாட்டுவண்டியில் தட்டி கட்டி மைக்கில் கூவிக்கொண்டு போனார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம கதை, நம்ம மெஸ்காரி.

கணக்குப்பிள்ளைக்கு மட்டும் முகம் செத்துவிட்டது.

"அந்தப் படத்துல பாட்டே இல்லியாம்" என்றார்.

"பாட்டு ஆருக்கு வேணும்? எலைய எடுன்னு சொல்ற சீன் இருக்குதில்ல?"

"கொட்டாய்ல மூட்டப்பூச்சி."

"எங்க வூட்ல இல்லாத மூட்டப்பூச்சியா?"

மறுநாள் வந்து, கொட்டகையில் பெண்கள் பக்கம் தேள் வந்ததாம் என்றார். அதற்கும் அடுத்த நாள் அது இரண்டு தேளாகியிருந்தது. "ஜோடியா வந்துதா? அதுங்களும் படம் பாக்கத்தான் வந்திருக்கும்" என்றாள் தளவானூர்க்காரி. நாங்கள் சனிக்கிழமை சாயங்காலம் போவது என்று முடிவானது. ஏன் சனிக்கிழமை என்றால், ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை இரண்டு பெரியவர்களோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அன்றைக்குப் பேசி முடித்துப் பெண்ணைக் கையோடு அழைத்துப் போவது என்பது அவர்கள் எண்ணம். மகள் ஒரு வாரமாகவே மறுபடியும் பேச்சைக் குறைத்திருந்தாள். மெஸ்காரியைக் கண்ணால் பார்த்தால் தெம்பு வரும் என்று நான்தான் கிளப்பினேன்.

கணக்குப்பிள்ளையும் வந்தார். வேகவைத்த மல்லாட்டை ஒரு பை நிறையக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, ஆண்கள் பக்கம் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

படம் ஓடியது. எங்களுக்கு முதலிலிருந்தே பிடிபடவில்லை. யாரும் சாப்பிடவே இல்லை. கல்யாண வீட்டில்கூடப் பந்தியைக் காட்டவில்லை. "இன்னாடி இது, எல்லாரும் விரதமா?" என்றாள் தளவானூர்க்காரி. அந்தப் பெண் அழுதாள், அழுது முடித்து இன்னும் அழுதாள், தோசையைக் காணோம்.

விடிகாலை வந்தது. குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள். கிணற்றடிக்குப் போனாள். அப்போது திரையில் பெரிய கறுப்பு நிழல் ஒன்று எழுந்தது. கொக்குக் கழுத்து, ஒரு பக்கம் நூல் தொங்கும் கண்ணாடி. கணக்குப்பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், உக்காருயா!"

"செருப்பக் காணோம்" என்றார் அவர். பெஞ்சின் மேல் நின்றுகொண்டு செருப்பைத் தேடினார். கையை இந்தப் பக்கம் விரித்தார், அந்தப் பக்கம் விரித்தார். கிணறு முழுக்க மறைந்துவிட்டது. ஆனால் சத்தத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

தொபுக்கென்று கேட்டது.

விளக்குப் போட்டார்கள். கொட்டகையில் பாதிப்பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அழவில்லை. எங்களுக்குக் கோபம். தண்ணீர் இல்லாத கிணற்றில் தொபுக் எப்படி வரும்? மெஸ் எங்கே? தவளை எங்கே? ஆபரேட்டர் ரீலை மாற்றிவிட்டான், மிச்ச ரீலை வேறு ஊரிலேயே விட்டுவிட்டான் என்று தீர்மானித்து, நேராக மேனேஜர் பாயிடம் போனோம். முன்னால் போனது நான்தான். பேச வேண்டிய இடத்தில் நான் பின்னால் நின்றதில்லை.

மேனேஜர் பாய் கண்ணியமானவர். வெள்ளைச் சட்டையில் கசங்கல் இருக்காது. "என் கொட்டாய்ல ஒரு அடி பிலிம் வெட்டினது கெடையாதும்மா. வந்தத வந்தபடி ஓட்டறேன்" என்றார்.

"அப்ப மெஸ்ஸு எங்க பாய்?"

"இன்னா மெஸ்ஸு?"

"திண்டிவனம் மெஸ்ஸு. புருஷங்காரன் எலைய எடுக்கற மெஸ்ஸு."

பாய் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "கதைலயே அவ கெணத்துல விழுந்துட்றாம்மா. எங்க வூட்ல வாராவாரம் படிச்சாங்க. படம் அப்டியே எட்த்திருக்கான்னு சந்தோசப்பட்டாங்க."

அதற்குள் கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. தேடின மாதிரியே ஒன்று நிஜமாகத் தொலைந்துபோயிருந்தது. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினோம். என் மகளும் திரும்பினாள். இடுப்பில் குழந்தை தூங்குகிறது. இவள் முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி. மறுநாள் காலையில் அவர்கள் வருகிறார்கள். அச்சில் இருந்தது அவளைக் காப்பாற்றியிருந்தது. அச்சில் இல்லை என்றாகிவிட்டால் அவளுக்கு என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாய், நீங்க சாப்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீ கதையச் சொல்லுயா."

"உங்க வூட்டுக்கு வர்றது எந்தப் பதிப்பு?"

"வாரப் பத்திரிகைல இன்னாயா பதிப்பு?"

"இருக்குது பாய். மெட்ராஸ் பதிப்பு வேற, நம்ம பக்கத்துப் பதிப்பு வேற. மெட்ராஸ் பதிப்புல அவ விழுவா. நம்ம பக்கத்துக்கு வர்றதுல விழ மாட்டா. செஞ்சிப் பக்கம் கெணத்துல தண்ணி கெடையாதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல? விழுந்தான்னு போட்டா நம்ம ஜனம் நம்புமா? சினிமாக்காரன் மெட்ராஸ்ல இருக்கறவன். அவன் கைல கெடச்சத வெச்சி எடுத்துட்டான்."

எங்களுக்கு அது நியாயமாகப்பட்டது. "அதானே" என்றாள் தளவானூர்க்காரி. "ரெண்டு வருசமா மழ ஏது?"

பாய் வாயைத் திறந்தார். அப்போது கணக்குப்பிள்ளை கண்ணை மட்டும் என் மகள் பக்கம் காட்டினார். பாய் அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். வந்ததை வந்தபடி ஓட்டுகிற மனிதர். தன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"எங்க வூட்டுக்கு வர்றது மெட்ராஸ்லேந்து மச்சான் அனுப்பறது" என்றார் கடைசியில். "அதான் மாறிப்போச்சி."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையும் இரண்டு பெரியவர்களும். என் மகள் சமைத்தாள், இலை போட்டாள், குறை வைக்காமல் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து மூவரும் கை கழுவ எழுந்தார்கள்.

"எலைய எடுத்துப் போட்டுட்டு வாங்க, பேசலாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விருந்தாளியை இலை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்தில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். ஒரு பெரியவர் காது கேட்காதவர் போல நின்றார். இன்னொருவர் நரைமீசைக்காரர்; அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, தன் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய் வெளியே போட்டுவிட்டு வந்தார். மற்றவரும் எடுத்தார். மாப்பிள்ளை எடுக்கவில்லை.

"நான் எடுக்கறதா? பொம்பளைங்க எதுக்கு இருக்கறாங்க?" என்றான்.

நரைமீசைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே எடுத்துட்டேன், உனக்கு இன்னாடா? தின்ன எலைய எடுக்கமாட்டேன்றவன் வூட்டுக்கு இன்னாத்துக்கு ஒரு பொண்ண அனுப்பறது? வா போலாம்" என்றார். பேச்சு அவ்வளவுதான். மாப்பிள்ளையின் இலையை நான்தான் எடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக எச்சில் இலை எடுத்தவள் இந்த ஜில்லாவில் இருக்கமாட்டாள்.

மகள் பிறகு செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ் போட்டாள். இன்றைக்கும் நடக்கிறது. சாப்பிட்டவர் இலையைச் சாப்பிட்டவரே எடுக்கவும் என்று போர்டு உண்டு. கணக்குப்பிள்ளை சாகும்வரை மத்தியானச் சாப்பாடு அங்கேதான். சாப்பிட்டு, இலையை எடுத்துப் போட்டு, போகும்போது அடுப்படிக்குள் தலையை நீட்டி, "நீ சாப்டியா" என்று கேட்பார். ஆச்சு என்றால் நம்பமாட்டார். தட்டைக் காட்டச் சொல்வார்.

அவர் போய்ச் சில வருஷம் கழித்து, பாய் வீட்டம்மா பழைய பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டுகளை எடைக்குப் போட எடுத்தார்கள். அதில் அந்தக் கதை இருந்தது. நான் கேட்டு வாங்கிவந்தேன். எழுத்துக் கூட்டி நான் முழுசாகப் படித்த முதல் கதை அதுதான். ஆடியில் தொடங்கித் தையில் முடித்தேன்.

எழுதினவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதை முழுக்க யாரும் சாப்பிடவில்லை. ஒரே இடத்தில் யாரோ ஒருவர் காபி கேட்கிறார். அதுவும் வருவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் அவள் கிணற்றடிக்குப் போகிறாள். தண்ணீர் இருக்கிறது. அதற்குக் கீழே முற்றும்.

நான் பைண்டைத் தூக்கிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். மகள் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"தே, இத பாரு. மெட்ராஸ் பதிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மனுசன் நம்மள ஏமாத்திட்டாரு" என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும்மா."

"எப்டி?"

"நான் அஞ்சாவது வரிக்கும் படிச்சவ. கண்ணாடி தொடைக்க அவுரு மடில வெச்ச பக்கம் எனக்கு எதுத்தாப்புல. முற்றும்னு கொட்ட எழுத்துல போட்டிருந்துச்சி. அவுரு அதுக்கு மேல படிச்சிக்கினே போனாரு." கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "சரி, முற்றும்னு போட்டதுக்கு அப்பாலயும் சோறு இருக்குதேன்னு நெனச்சிக்கினேன். நீ சாப்டியா?"

இவ்வளவுதான் எழுத வந்தது. கை வலிக்கிறது.

மெஸ்ஸுக்கு இலைக்கட்டு எடுத்துப் போகிற அவசரத்தில் இருக்கிறாயே என் பேத்தி, கொஞ்சம் உட்கார். கொட்டகையில் அன்று இடுப்பில் தூங்கினவள் நீதான். படத்தின் முடிவு உனக்குத் தெரியாது. இதை எனக்கு ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. என் எழுத்து கோணல், நிறுத்தி நிறுத்திப் படி. எங்கேயாவது யாருக்காவது சோறு போட நான் மறந்திருந்தால் அங்கே நிற்காதே. நீயே போட்டுவிட்டு மேலே படி.